சேருமிடம்

காலை ஐந்தரைக்கு ரொட்டி எண்ணுவேன்.
ஹாக்கின்ஸ் சாலை முகாமுக்கு
நேற்று அறுநூற்று நாற்பது,
இன்று அறுநூற்றுப் பன்னிரண்டு.
குறைந்த இருபத்தெட்டும்
இரவோடு இரவாக விமானம் ஏறிய வாய்கள்.
கூடினால், எங்கோ ஒரு கப்பல்
கடலிலிருந்து ஆட்களை அள்ளி வந்திருக்கிறது.
செய்தித்தாளுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

செம்பவாங்கில் மளிகை விநியோகம், முதலாளி திரு கோ.
எனக்கு இருபத்திரண்டு வயது,
சம்பளம் முந்நூற்று இருபது வெள்ளி.
பேரேட்டில் ஐந்து கட்டங்கள்:
தேதி, பொருள், அளவு, விலை, சேருமிடம்.

நாங்கள் கொடுத்த கங்கோங் கட்டிலிருந்து
அடித்தண்டுகளை நறுக்கி
கால்வாய் ஓரம் ஊன்றியிருந்தாள் லியென்.
இருபத்தைந்து நாளில் அறுப்பு.
தங்க விடுவது தொண்ணூறு நாள்.
கணக்குப் போட்டால் மூன்று அறுப்பு, கொஞ்சம் மிச்சம்.

முதல் அறுப்பைப் பூண்டு தட்டி வதக்கி
மங்குத் தட்டில் எனக்கு நீட்டினாள்.
பெலாச்சான் போட்டிருக்கலாம் என்றேன்.
நல்லவேளை, புரியவில்லை.

இரண்டாம் அறுப்பன்று தாள் வந்தது: நார்வே.
காப்பாற்றிய கப்பலில் எந்தக் கொடி பறந்ததோ
இனி அதுதான் ஊர்.
அலுவலக நாட்காட்டியின் பின்பக்க வரைபடத்தில்
தேடிக் காட்டினேன்.
தோளைக் குறுக்கி, பற்களைத் தட்டி,
இப்படியா என்று கேட்டாள்.
மூன்றாவதை வேறு யாரோ அறுத்தார்கள்.

நாமும் சும்மா இருக்கவில்லை.
பழந்துணி கொடுத்தோம். ஒரு மூட்டையில்
நீச்சலுடை, ஒற்றைக் கையுறை,
சரிகை வைத்துத் தைத்து யாரும் போடாத ரவிக்கை.
பேருந்து நிறுத்தத்தில் கனகாம்புஜம் அக்கா சொன்னார்:
"பாவந்தான் லா. ஆனா நம்மளே
வீவக வீட்டுக்கு அஞ்சு வருஷமா வரிசையில நிக்கிறோம்."
நானும் அந்த வரிசையில்தான் இருந்தேன்.
தலையாட்டினேன்.

அந்தப் பாசறைகள் எனக்குப் புதிதல்ல.
வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்தபோது
அங்கே குழாய் பழுது பார்த்தவர் அப்பா.
தளம் மூடியது.
அம்மாவுக்கும் எனக்கும் நீல அட்டை,
அவருக்குச் சிவப்பு.
ஸ்பேனர் பையோடு கப்பலேறினார்,
அங்கே ஊரில் குழாயே இல்லை என்பது தெரிந்தும்.

இதை லியெனிடம் சொல்லவில்லை.
மொழி இல்லாததால் அல்ல.
அவள் கதையில் கடல்
இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டது.
என் அப்பா மாதமொரு கடிதம் போட்டார்.

ஜூன் மாதம், ஒரு வியாழன்.
டீசல் நான்கு பீப்பாய்.
அரிசி மூன்று மூட்டை.
பால்மாவு, குடிநீர்,
ரொட்டி நூற்றுப் பத்து.
முகாமுக்கில்லை, படகுத்துறைக்கு.

யாருக்கு என்றேன்.
லாரியின் எஞ்சினை அணைக்காமலே
சபுருதீன் சொன்னார்:
"வந்த படகுக்கு. மெஷினை ரிப்பேர் பண்ணியாச்சு.
திருப்பி விடுறாங்க."
எங்கே?
தாடையால் கிழக்கைக் காட்டினார்.
அங்கே விடிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மாலையில் பேரேட்டைப் புரட்டிய திரு கோ
கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்.
காலியாக இருந்தது.
கடல் என்று எழுதலாமா என்று கேட்டேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றினார்,
துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.
"படகுத்துறைன்னு போடு."

படகுத்துறை என்று போட்டேன்.
பொய்யில்லை. லாரி அதுவரைதான் போனது.

அன்றைய ரொட்டியில் சூடு இருந்தது.
நூற்றுப் பத்து எண்ணி முடித்து
இன்னொன்றை எடுத்து உள்ளே செருகினேன்.
கணக்கில் காட்டவில்லை.
செய்தது அதுதான், ஒரு ரொட்டி.

முப்பதாம் நாள் பணம் வந்தது,
காசு குறையாமல்.